வினாடிக்கு இரண்டு

இரவு பதினொன்றரை. பாசல், ஆய்வகத்தின் நான்காம் மாடி.
ஒலிபெருக்கியில் ஒரே ஒரு நரம்பணு பேசிக்கொண்டிருக்கிறது.
டக். டக்டக். டக்.
சட்டியில் கடைசிச் சோளங்கள் பொரிவதுபோல.

முகுளத்தின் அடிப்புறம், கொஞ்சம் ஓரமாக,
தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி முனைக்கு எதிரே
அது இருக்கிறது.
ஆறு மணிநேரம் தேடினேன்.
இதயத்தின் தாளத்தோடு அதன் தாளமும் சேர்ந்தபோது
நீதானா என்றேன், தமிழில்.
மயக்கத்தில் கிடக்கும் எலிக்கு இது தெரியாது.
விழித்திருக்கும் எனக்கும்
என்னுடையது எங்கே உட்கார்ந்து
என் ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கிறதென்று
தொட்டுக்காட்டத் தெரியாது.

எலியின் வயிற்றுக்குள் சின்ன பலூன்.
ஊதுகிறேன்.
டக்டக்டக்டக்டக்
திரையில் அழுத்தம் இருபத்தெட்டு ஏறுகிறது.
வலி எட்டாத உறக்கம்தான்,
ஆனாலும் முகுளம் உறங்குவதில்லை.
காற்றை இறக்கிக் காத்திருந்து
மறுபடி ஊதினால் மறுபடி இருபத்தெட்டு.

இப்போது ஊசி.
முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே,
இரண்டு தசைநாண்களின் இடுக்கில்.
ஊசியின் வாலில் கம்பி, கம்பியில் மின்சாரம்,
வினாடிக்கு இரண்டு தட்டு.
குட்டி விரல்கள் துள்ளுகின்றன,
அவசரமில்லாத யாரோ கதவைத் தட்டுவதுபோல.

அந்த முப்பது நிமிடமும்
வீட்டுக்காரரின் கடிதத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் காலி செய்யவும்.
ஜெர்மன் மொழியில் எவ்வளவு மரியாதையாக
ஒருவர் வயிற்றில் பலூன் ஊதுகிறார்கள்.

பிறகு ஊதினேன்.
டக். டக். டக்டக்.
பதினொன்று.
ஊசியை உருவிய பின்னும்
பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று.
கதவைத் தட்டியவர் போய்விட்டார்,
உள்ளே இன்னும் யாரோ பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சூனியம் என்பான் ரெட்டோ, பக்கத்து மேசைக்காரன்.
ஒரு ஞாயிறு அவனை ரைன் படகுத்துறைக்கு இழுத்துப்போனேன்.
ஆற்றின் குறுக்கே ஒரு கம்பி,
கம்பியிலிருந்து கயிறு, கயிற்றில் படகு.
எஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை.
படகுக்காரி கட்டையைக் கொஞ்சம் திருப்பினாள்,
எங்களை அடித்துப்போக வேண்டிய ஆறே
அக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.
பிறந்ததிலிருந்து அதில் போகிறவன்
அன்று இறங்கும்போது சில்லறையைத் தப்பாக எண்ணினான்.

ஆனால் படகு ஆதாரமில்லை.
அமைதி எங்கிருந்து வந்ததென்று நிரூபிக்க
அமைதியைக் கலைத்தாக வேண்டும்.
நரம்பணுவின் பக்கத்திலேயே நலாக்சோன்,
துளி என்று சொல்லவும் முடியாத துளி.
பூட்டின் ஓட்டையில் மெழுகு வைத்து அடைப்பதுபோல.
ஊதினேன்.
டக்டக்டக்டக்
இருபத்தாறு.
அப்படியென்றால் உள்ளிருந்தே வந்தது,
உடம்பே காய்ச்சிய அபின்.
ஊசி எதையும் கொண்டுவரவில்லை.
குறிப்பேட்டில் 'வெற்றி' என்று எழுதி
உடனே அடித்துவிட்டேன்.

சென்ற வாரம் என் மணிக்கட்டிலும் குத்திப் பார்த்தேன்.
நூற்று நாற்பத்தெட்டு, நூற்று நாற்பத்து மூன்றானது.
சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே
குறையக்கூடிய ஐந்து.
ஒப்பிட ஆளில்லை,
இருக்கும் ஒரே உயிரும் தூங்காதது.
அதை எங்கும் எழுதவில்லை.

மூன்று மணிக்கு மருந்தைக் கூட்டினேன்.
எலிகளை எழுப்புவதில்லை, அதுதான் விதி.
ஒலிபெருக்கியை மட்டும் உடனே அணைக்க முடியவில்லை.
டக்.
வெகு நேரம் கழித்து,
டக்.

டிராம் இல்லை. வெட்ஸ்டைன் பாலத்தின் மேல் நடந்தேன்.
கீழே பனிமூட்டத்தில் படகைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.
இரவெல்லாம் ஆறு அதைத் தள்ளிக்கொண்டேயிருக்கிறது,
கட்டையைத் திருப்ப ஆளில்லை.
கையுறைக்குள் கட்டைவிரல் தானாக
மணிக்கட்டைத் தேடிப் போனது.
கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும்.